பீரங்கி அக்கா சுற்றிக் காட்டிய ஊர்

அந்தக் கடலோர ஊருக்குள் நுழைய ஒரே வழிதான். கோட்டை மதிலைக் குடைந்து கட்டிய ஒரு கல் வளைவு. பேருந்து வெளியிலேயே நின்றுவிடும். வருகிறவன் எவ்வளவு பெரிய மனிதனாக இருந்தாலும் இறங்கி நடந்துதான் அந்த வளைவுக்குள் வரவேண்டும். ஒரு காலத்தில் எதிரி வந்தால் மேலேயிருந்து கொதிக்கிற எண்ணெயை ஊற்றினார்களாம். பிற்பாடு எதிரி வருவது நின்று சுற்றுலாப் பயணி வர ஆரம்பித்தான். எண்ணெய்க்குப் பதிலாக வழிகாட்டிகள் மேலே விழுந்தார்கள்.

விழுந்தார்கள் என்றால் நிஜமாகவே விழுந்தார்கள். ஒருவன் பெட்டியைப் பிடுங்குவான், இன்னொருவன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு முன்னால் ஓடுவான், குழந்தையைப் பெற்றவள் அலறிக்கொண்டு பின்னால் ஓடுவாள். அப்புறம் வழிகாட்டிகளுக்குள் கைகலப்பு. அப்படி ஒரு சண்டையில் ஒருவன் காதை இன்னொருவன் கடித்துத் துப்பிவிட்டான். காது போனவனுக்கு அன்றிலிருந்து முக்கால் காது என்று பெயர். கடிபட்ட துண்டைத் தேடி எல்லாரும் தரையில் தவழ்ந்துகொண்டிருந்தபோதுதான் இவர்களுக்குப் புத்தி வந்தது. ஒரு சட்டம் போட்டுக்கொண்டார்கள். வளைவின் நிழலில் விருந்தாளி கால் வைத்ததும் யார் வணக்கம் முதலில் போய்ச் சேருகிறதோ, விருந்தாளி அவருடைய ஆள். மறுபடி அந்த வளைவைத் தாண்டி வெளியே போகிறவரை அவர் பொறுப்பு. நடுவில் வேறு யாரும் அந்த ஆள்மேல் விரல் வைக்கக் கூடாது. வைத்தால் கேட்பதற்கு வழிகாட்டிக்கு உரிமை உண்டு. கேட்பது என்றால் வாயால் கேட்பது இல்லை.

இந்தச் சட்டத்தால் ரொம்ப லாபம் அடைந்தது ஒரு பெண்பிள்ளை. பத்தடி தள்ளி நின்றாலும் அவள் வணக்கம்தான் முதலில் போய்ச் சேரும். தொண்டை அப்படி. மதில்மேல் துருப்பிடித்துக் கிடக்கிற பீரங்கி பேசினால் இப்படித்தான் பேசும் என்று எவனோ சொல்லப்போக, பீரங்கி அக்கா என்பதே நிலைத்துவிட்டது. பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையில் மட்டும் சும்மா இருந்தது.

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். இவளுக்கு வாயோடு கையும் இருந்தது. அப்பா கடலுக்குப் போனவர் திரும்பவில்லை. அம்மா இருமி இருமியே போய்ச் சேர்ந்தாள். இவள் அப்போதுதான் வயசுக்கு வந்தவள், தம்பி இடுப்பில் உட்காருகிற குழந்தை. மீன் சுத்தம் செய்யும் கொட்டகையில் வேலைக்குப் போனாள். பனிக்கட்டிப் பெட்டிக்குப் பக்கத்தில் சாக்கை விரித்துத் தம்பியைப் படுக்கவைத்து, அவன் அழுதால் ஒரு காலால் ஆட்டிக்கொண்டே மீன் செதிளைச் சுரண்டுவாள். அங்கே மேற்பார்வை பார்த்தவன் ஒரு நாள் அவள் இடுப்பில் கை வைத்தான். அவள் கையில் கத்தி இருப்பதை அவன் யோசிக்கவில்லை. இவளுக்கு வேலை போயிற்று, அவனுக்கு விரல்களை மடக்க முடியாமல் போயிற்று.

பிறகு ஒருவன் கட்டிக்கொண்டான். முதல் மாதம் நல்லவன். இரண்டாம் மாதம், சோற்றைச் சிந்தினான் என்று தம்பியை அறைந்தான். கதவுத் தாழ்க்கட்டையை எடுத்து முழங்கையில் ஒரு போடு போட்டாள். ஒற்றைக் கையால் சட்டையை மாட்டிக்கொண்டு போனவன் போனவன்தான். "என்னை அடிச்சிருந்தாக்கூட யோசிச்சிருப்பேன்" என்று இன்றைக்கும் சொல்வாள்.

அதற்காக அவள் தம்பியை அடிக்காமல் வளர்த்தாள் என்று நினைத்துவிட வேண்டாம். கிடைத்ததை எடுத்து வெளுப்பாள். துடைப்பம், கரண்டி, ஈரத்துணி. "அடி உதவற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டாங்கன்னு சும்மாவா சொன்னாங்க? அதான் தம்பியையே அடிக்கிறேன்" என்பாள். அடித்த கையோடு சோறு பிசைந்து ஊட்டுவாள். அவனும் விக்கிக்கொண்டே வாயைத் திறப்பான். அவன் வளர்ந்து மீசை வைத்து, கல்யாணம் முடித்து, மோட்டார் படகு வாங்கின பிறகும் அவளுக்கு அவன் அந்தச் சாக்கில் படுத்திருந்த பிள்ளைதான். அவளுக்கு இந்த உலகத்தில் இருந்தது அந்த ஒரு உயிர்.

வழிகாட்டி வேலைக்கு அவள் வந்தது டீக்கடை வழியாக. கோட்டைக்குள் இருந்த கடையில் கிளாஸ் கழுவிக்கொண்டே வழிகாட்டிகள் சொல்கிற கதைகளைக் காதில் போட்டுக்கொண்டாள். ஒரு நாள் ஒருவன் குடித்துவிட்டுப் பாதிக் கதையில் படுத்துவிட்டான். கூட்டம் முழித்தது. இவள் ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு மீதிக் கதையைச் சொன்னாள். மீதிதான் நன்றாக இருந்தது.

வரலாறு அவளிடம் ரத்தம் சொட்டச் சொட்டத்தான் வெளியே வரும். பீரங்கி மேடையில் ஆரம்பிப்பாள். இங்கேதான் வெடிக்கிற பீரங்கியின் வாயில் ஆளைக் கட்டினார்கள். அடுத்தது பாதாளச் சிறை. இங்கே கைதிகளின் நகத்தைப் பிடுங்கினார்கள், சுவரில் கீறல் பாருங்கள். கீறல் போன வருஷம் சுண்ணாம்பு அடிக்க வந்தவனின் ஏணி போட்டது. அப்புறம் ஆட்களைத் தூக்கில் தொங்கவிட்ட தூக்குக் கிணறு, அப்புறம் கலங்கரை விளக்கம், சிப்பிக் கடைத் தெரு. கடலோர மதிலில் கொஞ்சம் காற்று வாங்கவிட்டு, கடைசியில் படகுத்துறையில் கொண்டுபோய் நிறுத்துவாள். கூட்டத்தின் முகத்தைப் பார்த்துச் சாவைக் கூட்டுவாள், குறைப்பாள். கொட்டாவி விட்டால் இன்னும் நாலு தலை உருளும்.

"இதெல்லாம் புத்தகத்துல இல்லையேம்மா" என்று ஒருவர் கேட்டார்.

"புத்தகம் எழுதினவர் அன்னைக்கு இங்க இருந்தாரா சார்?"

"நீங்க இருந்தீங்களா?"

"நான் தினமும் இருக்கேன் சார்."

கூட்டம் சிரித்துவிட்டது. சாயங்காலம் டீக்கடையில் முக்கால் காது, "ஏக்கா, இப்படிப் புளுகுறியே, பயமா இல்லையா?" என்று கேட்பான். "செத்தவங்க வந்து சாட்சி சொல்லவா போறாங்க?" என்பாள் அவள்.

தம்பியின் படகுக்கு அந்தத் துறையில் தனி மவுசு. அலைத்தடுப்பைத் தாண்டினதும் சுக்கானை ஒரே வெட்டாக வெட்டுவான். படகு ஒரு பக்கம் சாயும், தண்ணீர் முகத்தில் அடிக்கும், பெண்கள் வீறிடுவார்கள், கரையில் நிற்கிறவர்களுக்குக்கூட ஆசை வரும். அதற்கு அவன் வைத்த பெயர் ஆட்டம். "ஆட்டம் வேணுமா சார், அமைதி வேணுமா?" என்று கேட்டுத்தான் கயிற்றை அவிழ்ப்பான். அமைதி வேண்டும் என்று சொன்னவர்கள் குறைவு. மிதவைச் சட்டைகள் ஒரு சாக்கில் காலடியில் கிடக்கும். ஈர நாற்றம் அடிக்கிறது என்று யாரும் போட்டுக்கொள்வதில்லை, இவனும் போடச் சொல்வதில்லை.

போன வருஷம் சீசனில் கல்லூரிப் பெண்கள் ஒரு கூட்டமாக வந்தார்கள். ஏற்றக்கூடாத அளவுக்கு ஏற்றிக்கொண்டு போனான். ஆட்டத்தில் படகு கவிழ்ந்தது. எல்லாரும் படகைப் பிடித்துக்கொண்டு தப்பினார்கள், ஒருத்தியைத் தவிர. அவளுக்குப் படகின் விளிம்பு தலையில் அடித்திருந்தது. மேலே எடுத்தபோது உயிர் இல்லை.

தம்பி சொட்டச் சொட்ட அக்கா வீட்டுக்கு ஓடிவந்தான். பல் கிடுகிடுவென்று ஆடியது. அக்கா முதலில் அறைந்தாள். அப்புறம் கேட்டாள்.

"அந்தப் பொண்ணு எழுந்து நின்னாளா?"

"இல்லக்கா. கம்பியைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்துதான் இருந்தா. நான்தான் சுக்கானை ரொம்ப வெட்டிட்டேன்."

அவள் துண்டை எடுத்துவந்தாள். பிறகு அவன் தலையைத் துவட்டிவிட்டாள். "எழுந்து நின்னா. போட்டோ எடுக்க எழுந்து நின்னா, நீ உக்காரும்மான்னு கத்தின, கேக்கல. நான் மதில் மேலேருந்து பாத்தேன். புரியுதா?"

காவல் நிலையத்தில் அவள் சொன்ன சாட்சியைக் கேட்டு எழுதுகிறவரே எழுதுவதை நிறுத்திவிட்டு வாயைப் பார்த்தார். அப்படிச் சொன்னாள். துறையில் எல்லாரும் அதையே சொன்னார்கள். தண்ணீரில் விழுந்து பிழைத்த தோழிகளுக்கே, நின்றாளோ என்னவோ என்று தோன்ற ஆரம்பித்துவிட்டது. முழுப் பூசணிக்காய் சோற்றுக்குள் போயிற்று. அந்தப் பெண்ணின் அப்பா எங்கோ தூர தேசத்தில் வேலையில் இருந்தாராம். மாமா ஒருவர் வந்து உடலை வாங்கிக்கொண்டு போனார்.

இதோடு விட்டிருக்கலாம். ஆனால் கதை சொல்லிக்கு ஒரு வியாதி உண்டு. கையில் ஒரு சாவு இருந்தால் அது சும்மா கிடக்காது. மதிலில் காற்று வாங்கும்போது ஒரு விருந்தாளி, "இங்க போன வருஷம் யாரோ மூழ்கிட்டாங்களாமே?" என்று கேட்டார். அக்கா சொன்னாள். கூட்டம் மூச்சு விடாமல் கேட்டது. அடுத்த நாள் யாரும் கேட்காமலே சொன்னாள். பழைய சாவுகளை எல்லாம் தூக்கிச் சாப்பிட்டுவிட்டது இந்தப் புதுச் சாவு. சொல்லச் சொல்ல அவளுக்கே அது நடந்த மாதிரி ஆகிவிட்டது. சொல்லி முடித்து, "அதனாலதான் சொல்றேன், ஏறினா என் தம்பி படகுல ஏறுங்க, அவன் யாரையும் எழுந்து நிக்க விடமாட்டான்" என்பாள். அதே தம்பி, அதே படகு. நெஞ்சழுத்தம் என்றால் அப்படி.

ஒரு நாள் காலையில், வெயில் சுள்ளென்று அடிக்க, ஒருவர் விரித்த குடையோடு வளைவுக்குள் வந்தார். தனி ஆள். பெட்டி இல்லை, கேமரா இல்லை.

"வணக்கம் சார்!"

அவர் திடுக்கிட்டுக் குடையை மடக்கினார். "இல்லம்மா, நான் சும்மா பாக்க வந்தேன்."

"எல்லாரும் சும்மா பாக்கத்தான் சார் வர்றாங்க. சும்மா பாத்தா கல்லுதான் தெரியும். என்கூட பாத்தா ஆளு தெரியும். வாங்க."

குடைக்காரர் வந்தார். பேசாத விருந்தாளியைப் போல வழிகாட்டிக்கு எரிச்சல் தருவது எதுவும் இல்லை. பீரங்கி மேடையில் இரண்டு பேர் கூடுதலாகச் செத்தார்கள், அவர் முகம் அசையவில்லை. பாதாளச் சிறையில் நகம் பிடுங்கினதோடு நில்லாமல் கண்ணையும் தோண்டினாள். அவர் சுவரைத் தடவிப் பார்த்தார். தூக்குக் கிணற்றில் எட்டிப் பார்த்துவிட்டு முதல் தடவையாக வாய் திறந்தார்.

"சாகும்போது தெரியுமாம்மா அவங்களுக்கு?"

"எது சார்?"

"சாகப் போறோம்னு."

பரவாயில்லை, ரசனை உள்ள ஆள்தான் என்று அக்கா உற்சாகமானாள். கலங்கரை விளக்கப் படிகளில் அவருக்கு மூச்சு வாங்கியது, கையைப் பிடித்து ஏற்றிவிட்டாள். சிப்பிக் கடைத் தெருவில் ஒரு கடையில் சின்னப் பெண்கள் போடுகிற சிப்பிக் கம்மலை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றார். வாங்கவில்லை. "பொண்ணு இருக்கா சார்?" என்று கேட்டாள். அவர் கம்மலைக் கீழே வைத்துவிட்டு நடந்தார்.

கடலோர மதிலுக்கு வந்தார்கள். கீழே படகுகள் ஆடிக்கொண்டிருந்தன. "இங்கதானே ஒரு பொண்ணு..." என்று அவரே ஆரம்பித்தார்.

நுணலும் தன் வாயால் கெடும். அக்காவுக்கு அன்று குரல் நன்றாக இருந்தது, காற்றும் தோதாக இருந்தது. முழுக்கதையையும் எடுத்துவிட்டாள். அலைத்தடுப்பைக் காட்டினாள், கவிழ்ந்த இடத்தைக் காட்டினாள். அந்தப் பெண் எழுந்து நின்று உதட்டைக் குவித்துப் போட்டோ எடுத்துக்கொண்டதை நடித்தே காட்டினாள். எப்போதும் இந்த இடத்தில் சிரிப்பு வரும். அவர் சிரிக்கவில்லை.

"நீங்க பாத்தீங்களா?"

"இந்தா, இந்த இடத்துல நின்னு இந்த ரெண்டு கண்ணால பாத்தேன் சார்."

"என்ன கலர் டிரஸ் போட்டிருந்தா?"

அதை யாரும் இதுவரை கேட்டதில்லை. ஆனால் பீரங்கி அக்காவைக் கேட்டுப் பதில் வராமல் போனதும் கிடையாது. "சிவப்பு சார். செக்கச்செவேல்னு. தண்ணிக்குள்ள போறவரைக்கும் தெரிஞ்சுது."

அவர் மதிலைப் பிடித்துக்கொண்டு நின்றார். இன்னும் கொஞ்சம் போட்டால்தான் இந்த ஆள் அசைவார் என்று அவளுக்குத் தோன்றியது. "பெத்தவங்க செல்லம் குடுத்துக் கெடுத்த பொண்ணு போல சார். சொன்ன பேச்சு கேக்கற பழக்கமே இல்ல. அப்படி வளத்தா கடல் என்ன பண்ணும்?"

"படகுல போகலாம்" என்றார் அவர்.

துறையில் தம்பி கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தான். படகின் பக்கவாட்டில் எழுதியிருந்த எண்ணைக் குடைக்காரர் ஒருமுறை வாய்க்குள் படித்தார். "இவன்தான் சார் என் தம்பி, கண்ணை மூடிக்கிட்டு ஏறலாம்" என்றாள் அக்கா. தம்பி பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். "வாங்க சார். பயப்படாதீங்க, என் படகுல ஒருத்தரும் விழுந்ததில்ல. ஆட்டம் வேணுமா, அமைதி வேணுமா?"

"ஆட்டம்னா?"

"ஒரே வெட்டு சார். படகு படுத்து எந்திரிக்கும். பொண்ணுங்க இருந்தா அலறுவாங்க பாருங்க, அதுக்கே..."

அவன் முடிக்கவில்லை. குடைக்காரர் குடையைக் கீழே போட்டதைத்தான் அக்கா பார்த்தாள். படகில் சாய்த்திருந்த துடுப்பு அவர் கைக்கு எப்படி வந்தது என்று பார்க்கவில்லை. முதல் அடி தம்பியின் தோளில் விழுந்தது. எலும்பு முறிகிற சத்தம் கேட்டது. இரண்டாவது அடி தலையில். அவன் படகு விளிம்பில் மோதித் துறைக் கல்லில் விழுந்தான். மூன்றாவது அடிக்கு அவர் துடுப்பை ஓங்கினபோது வாய் கோணி, ஊளையிடுகிற மாதிரிக் கத்தினார்.

"நீலம்டா! அவ போட்டிருந்தது நீலம்! நான் வாங்கிக் குடுத்தது!"

துடுப்பு கல்லில் பட்டு உடைந்தது. அதற்குள் துறையே அவர்மேல் விழுந்துவிட்டது. ஒருவன் கயிற்றுச் சுருளால் முகத்தில் விளாசினான். ஒருவன் வயிற்றில் மிதித்தான். விழுந்தவரின் விரல்கள்மேல் ஒருவன் செருப்புக் காலோடு ஏறி நின்றான். மீன் தூக்குகிற கொக்கியை எடுத்துக்கொண்டு ஒருவன் ஓடிவந்தான். "தண்ணில போடு! தண்ணில போடு!" என்று சத்தம். காலைப் பிடித்துத் தரதரவென்று இழுத்தார்கள், அவர் தலை கல்லில் தட்டித் தட்டிப் போயிற்று.

அக்கா தம்பியின் தலையை மடியில் வைத்திருந்தாள். ரத்தம் வெதுவெதுப்பாகப் புடவையை நனைத்தது. அவன் கண் மேலே செருகியிருந்தது, மூச்சு இருந்தது. இந்த உயிரை அடித்தவன் செத்துத் தொலையட்டும் என்று ஒரு கணம் நினைத்தாள். பொய் சொல்வானேன், ஒரு கணத்துக்கு மேலேயே நினைத்தாள். நீலம் என்ற வார்த்தை அதற்குப் பிறகுதான் உள்ளே இறங்கியது. இவன்தான் அந்த அப்பா. இவன் செத்தால் அந்தப் பெண்ணைப் பற்றிக் கேட்க ஆள் இருக்காது, தம்பிக்கு இனி எந்தக் காலத்திலும் பயமில்லை. அப்பாடா என்று இருந்தது. அந்த அப்பாடா அவளுக்கே அசிங்கமாக இருந்தது.

தம்பி பொண்டாட்டி வலைக்கொட்டகையிலிருந்து அலறிக்கொண்டு ஓடிவந்தாள். அவள் மடிக்குத் தலையை மாற்றிவிட்டு அக்கா எழுந்தாள்.

"விடுங்கடா! அவர் என் ஆளு!"

அவ்வளவு நெரிசலிலும் அந்தக் குரல் போய்ச் சேர்ந்தது. இழுத்தவர்கள் நின்றார்கள். "உன் தம்பியைக் கொல்லப் பாத்தவன்க்கா!" என்று கொக்கி வைத்திருந்தவன் கத்தினான்.

"வளைவுல வணக்கம் சொன்னது நான். வெளிய போறவரைக்கும் என் பொறுப்பு. கை வெச்சவன் கையை ஒடிப்பேன்."

கொக்கிக்காரன் கேட்கவில்லை, ஓங்கினான். அவள் அவன் மணிக்கட்டைக் கடித்தாள். பல் பதிந்து ரத்தம் வந்தபிறகுதான் விட்டாள். மற்றவர்கள் அவள்மேல் பாயத் தயாரானபோது முக்கால் காது குறுக்கே வந்து நின்றான். "சட்டம் சட்டம்தான்யா. இதுக்காக நான் காதைக் குடுத்திருக்கேன்" என்றான்.

தம்பியை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு அவன் பொண்டாட்டி ஆஸ்பத்திரிக்குப் போனாள். கூடப் போக அக்காவின் கால் துடித்தது. போயிருந்தால் இந்த ஆள் உயிரோடு வளைவைப் பார்த்திருக்க மாட்டார். அவர் கக்கத்தில் கையைக் கொடுத்துத் தூக்கினாள். வந்த வழியாகவே திரும்ப நடந்தார்கள். சிப்பிக் கடைகளில் கதவுகளைச் சாத்தினார்கள். பின்னாலேயே கூட்டம் வந்தது, வர வரப் பெருத்தது. ஒரு கல் வந்து அவள் முதுகில் விழுந்தது. இன்னொன்று அவர் காதோரம். ஒருவன் பக்கவாட்டில் வந்து அவர் இடுப்பில் உதைத்தான், அக்கா முழங்கையால் அவன் தொண்டையில் இடித்தாள், அவன் உட்கார்ந்துவிட்டான். தூக்குக் கிணற்றுக்குப் பக்கத்தில் அவர் கால் மடங்கி விழுந்தார். தலைமுடியைப் பிடித்துத் தூக்கி நிறுத்தி, "நடய்யா! செத்தா வெளிய போய்ச் சாவு!" என்று பிடரியில் ஒன்று வைத்தாள்.

வளைவைத் தாண்டினார்கள். வெளியே பேருந்து நின்றது. போக்குவரத்துப் பார்க்கிற காவலர் ஒருவர் விசிலை வாயில் வைத்தபடியே இவர்களைப் பார்த்து நின்றார். "ஏறு" என்றாள் அக்கா. அவளுக்கு மூச்சு இரைத்தது. கடமை முடிந்தது, இனி அவர் யாரோ.

அவர் ஏறவில்லை. ஒரு கண் மூடி வீங்கியிருந்தது. மற்ற கண்ணால் அவளைப் பார்த்தார்.

"ஒண்ணே ஒண்ணு சொல்லும்மா. எழுந்து நின்னாளா?"

அவள் வளைவைத் திரும்பிப் பார்த்தாள்.

"அவளுக்குச் சின்ன வயசுலேருந்து தண்ணின்னா பயம். பஸ் ஓடும்போதுகூட எழுந்து நிக்க மாட்டா, நின்னப்புறம்தான் எந்திரிப்பா. அவ அம்மா தினமும் என்னைக் கேக்கறா. நம்ம பொண்ணு எப்படிங்க எழுந்து நிப்பா, எப்படி நிப்பான்னு. சோறு போடும்போது கேக்கறா, தூக்கத்துல கேக்கறா. நான் என்ன சொல்லட்டும்?"

வளைவுக்குள் கூட்டம் நின்றிருந்தது. முன்னால் படகுத்துறைத் தலைவர். அத்தனை பேர் கண்ணும் அவள் வாயில். இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் தம்பி உள்ளே போவான். அடித்து வளர்த்த பிள்ளை, மண்டை உடைந்து கிடக்கிற பிள்ளை. ஆமாம் என்று சொன்னால் இந்த மனிதர் வீட்டுக்குப் போய் அந்த அம்மாவிடம், ஆமாம், நம் பொண்ணுதான் எழுந்து நின்றாள் என்று சொல்ல வேண்டும். தம்பியைச் சாக்கில் படுக்கவைத்துக் காலால் ஆட்டினதும், இந்த ஆள் நீலத்தில் டிரஸ் தேடி வாங்கினதும் அவளுக்கு ஒன்றாகத் தெரிந்தது. 

"உக்காந்துதான் இருந்தா" என்றாள். "கம்பியைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்துதான் இருந்தா. என் தம்பிதான் படகைச் சட்டுனு வெட்டிச் சாய்ச்சான். நான்தான் பொய் சொன்னேன்."

தலைவர் பாய்ந்து வந்து புறங்கையால் வாயில் அறைந்தார். உதடு கிழிந்து ரத்தம் மோவாயில் வழிந்தது. "மூடு! குடும்பத்தையே கொளுத்தறியேடி!" என்றார். அவள் ரத்தத்தைத் துப்பிவிட்டு, இன்னொரு தரம் சொன்னாள். இந்தத் தரம் பேருந்துக்குள் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். காவலர் வாயிலிருந்து விசிலை எடுத்தார். குடைக்காரர் அங்கேயே புழுதியில் உட்கார்ந்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு குழந்தை மாதிரி அழுதார்.

அவர்மேலும் வழக்கு, தம்பிமேலும் வழக்கு, பொய்ச்சாட்சிக்கு இவள்மேலும் வழக்கு. அன்று சாயங்காலமே இவள் வீட்டுக் கதவை உடைத்தார்கள், பாத்திரங்களைத் தெருவில் எறிந்து மிதித்தார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் தம்பி பொண்டாட்டி செருப்பைக் கழற்றி முகத்தில் மாறி மாறி அடித்தாள். "நீ ஒரு அக்காவா? பெத்த பிள்ளை மாதிரின்னு சொல்வியே, இதுக்குத்தானா?" என்று அடித்தாள். அக்கா கையைக் கட்டிக்கொண்டு வாங்கிக்கொண்டாள். அடித்து ஓய்ந்து அவள் மருந்து வாங்கப் போன நேரத்தில் உள்ளே போனாள்.

தம்பி கண் விழித்திருந்தான். தலை முழுக்கக் கட்டு, தோளில் மாவுக்கட்டு. வாசலில் ஒரு காவலர் உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார்.

"வலிக்குதாடா?"

"நீ யாருக்கு அக்கா?"

"உனக்குத்தான்."

"வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கலாம்ல?"

"முதல்லயே மூடியிருக்கணும். அந்தாளுகிட்ட மதில்ல வெச்சுப் பொய்யா அளக்காம இருந்திருந்தா உன் மண்டை உடைஞ்சிருக்காது. உன்னை அடிச்சது அவர் இல்லடா, நான்தான்."

அவன் நல்ல கையால் பக்கத்தில் இருந்த எவர்சில்வர் சொம்பை எடுத்து வீசினான். படுத்திருந்தாலும் குறி தவறவில்லை. புருவத்துக்கு மேலே விழுந்து தோல் பிளந்தது. சொம்பு உருண்டு கட்டிலுக்கு அடியில் போயிற்று. அவள் குனிந்து எடுத்து, குழாயில் கழுவி, தண்ணீர் பிடித்துவந்து அவன் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்தாள். ரத்தம் கண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. அவன் அதைப் பார்த்தான். அவன் முகம் அழப்போகிற மாதிரி ஆயிற்று.

சத்தம் கேட்டு நர்ஸ் ஓடிவந்தாள். "ஐயோ, என்னம்மா இது? தரை ஈரமா இருக்கேன்னு அப்பவே சொன்னேன். வழுக்கி விழுந்துட்டீங்களா?"

தம்பி அக்காவைப் பார்த்தான். வாசலில் காவலர் செய்தித்தாளை இறக்கினார்.

"வழுக்கல" என்றாள் அக்கா. "இவன்தான் எறிஞ்சான். என் தம்பி."